புல்தரை டென்னிஸில் வெற்றியை முன்கணித்தல்

மழை பெய்யுமா, விளைச்சல் எவ்வளவு தேறும் என்னும் வினாக்களுக்கு விடை காண உதவும் நிகழ்தகவு முறை, விளையாட்டுப் போட்டிகளுக்கும் பொருந்தும். தொழில்முறை ஆட்டக்காரர் இருவர் புல்தரையில் ஆடும் டென்னிஸ் போட்டி இம்முறையை விளக்குவதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். அதில் ஒவ்வொரு புள்ளியும் பதிவாகிறது. முடிவும் ஐயத்திற்கிடமின்றித் தெரிந்துவிடுகிறது.

தரையின் தன்மை

புல்லின்மீது விழும் பந்து வழுக்கிச் செல்கிறது. அதிக உயரம் எழும்புவதில்லை. வேகமும் மிகுதியாகக் குறைவதில்லை. களிமண் தரையில் உராய்வு மிகுதியாதலால் பந்து வேகம் குன்றி உயர எழுகிறது. ஆகவே புல்தரையில் எதிராளிக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. சர்வீஸ் போடுபவருக்கு ஆதாயம் அதிகம்.

சிறு மிகை பெருகுதல்

சர்வீஸ் போடுபவர் புள்ளிகளில் 100க்கு 60 வெல்லக்கூடியவர் எனக் கொள்வோம். ஒவ்வொரு புள்ளியும் மற்றதைச் சாராதது எனின், அவர் அந்த கேமை வெல்லும் வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 74 ஆகும். புள்ளிகளில் 65 வெல்பவருக்கு இது 83. 70 வெல்பவருக்கு 90. செட்டிலிருந்து போட்டிக்குச் செல்லும்போதும் இவ்வாறே நிகழ்கிறது. ஒரு செட்டை வெல்லும் வாய்ப்பு 100க்கு 60 எனில், மூன்று செட் போட்டியில் வெற்றி வாய்ப்பு 65. ஐந்து செட் போட்டியில் 68. போட்டி நீளுந்தோறும் வல்லவருக்கே நன்மை.

ஆயின் இருவருமே சர்வீஸில் வல்லவராயின் நிலைமை வேறு. பத்து கேம்களில் ஒன்றைத்தான் ஒவ்வொருவரும் இழப்பர். ஒரே ஒரு கேமோ, டை-பிரேக்கோ செட்டின் முடிவைத் தீர்மானித்துவிடும். 2010ஆம் ஆண்டு விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மஹூவும் 183 கேம்கள் ஆடினர். சர்வீஸ் பறிபோனது மூன்றே முறை. மஹூ 502 புள்ளிகளும் இஸ்னர் 478 புள்ளிகளும் பெற்றனர்; ஆயினும் வென்றவர் இஸ்னரே. 2019ஆம் ஆண்டு இறுதிப் போட்டியிலும் ரோஜர் ஃபெடரர் 218 புள்ளிகள் பெற்று, 204 பெற்ற நோவாக் ஜோகோவிச்சிடம் தோற்றார். எத்தனை புள்ளிகள் என்பதோடு, எந்தப் புள்ளிகள் என்பதும் முடிவை ஆள்கிறது.

எதைக் கொண்டு கணிப்பது?

ஆட்டக்காரரின் தரத்தை எண்ணால் குறிக்க, சதுரங்கத்திற்காக ஆர்ப்பாத் ஏலோ வகுத்த முறை டென்னிஸிலும் கையாளப்படுகிறது. இருவர் எண்களுக்கிடையே 100 வேறுபாடு இருப்பின் உயர்ந்தவரின் வெற்றி வாய்ப்பு 100க்கு 64. 200 இருப்பின் 76.

எல்லாத் தரைகளின் முடிவுகளையும் சேர்த்தால் புல்லின் தனித்தன்மை மறைந்துவிடும். புல்தரைப் போட்டிகளை மட்டும் எடுத்தாலோ, அவை ஆண்டில் சில வாரங்களே நடப்பதால் சான்றுகள் போதா. இரண்டையும் தக்க அளவில் கலப்பதே முறை. 2002 முதல் 2019 வரை விம்பிள்டன் ஆடவர் பிரிவில் முன்னணி ஆட்டக்காரரை வரிசைப்படுத்த, தரவரிசைப் புள்ளிகளோடு முந்தைய 12 மாதங்களின் புல்தரைப் புள்ளிகள் முழுமையாகவும், அதற்கு முந்தைய 12 மாதங்களின் சிறந்த புல்தரைப் போட்டியில் பெற்றவை 75 விழுக்காடும் கூட்டப்பட்டன.

கணிப்பைச் சோதித்தல்

70 விழுக்காடு வாய்ப்புடையவர் எனப்பட்டவர் தோற்றால், கணிப்பு பிழை என்று முடிவு கட்டலாகாது. அத்தகைய நூறு பேரில் முப்பதின்மர் தோற்கவே வேண்டும். ஐவர் மட்டுமே தோற்பின் அக்கணிப்பும் குறையுடையதே. 1950ஆம் ஆண்டில் அமெரிக்க வானிலையாளர் கிளென் பிரையர் இதற்கோர் அளவுகோலை வெளியிட்டார். அதன் எளிய வடிவம் வருமாறு: வெற்றியை 1 எனவும் தோல்வியை 0 எனவும் கொண்டு, கூறிய வாய்ப்பிற்கும் முடிவிற்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்துக. 0.7 எனக் கூறியவருக்கு, ஆட்டக்காரர் வென்றால் 0.09, தோற்றால் 0.49. எப்போதும் 0.5 என்பவருக்கு 0.25. பல போட்டிகளின் சராசரி 0.25க்குக் கீழே நிற்பின், அக்கணிப்பு நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிட மேலானது.

பயிற்சி

ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு இருபது போட்டிகளுக்கு முன்னரே வாய்ப்பெண்களை எழுதிவைக்கச் செய்து, முடிவு தெரிந்தபின் சராசரி காணலாம். களப்பணியாளர் தம் மழைக் கணிப்புகளையும் இவ்வாறே சோதிக்கலாம். முன்னரே எழுதாத கணிப்பு சோதனைக்கு உதவாது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.