குளிர்நாட்டுக் கூட்டில் குஞ்சின் உணவு

மார்கழிக் காலையில் வகுப்புக்கு விரையும்போது, நம் விடுதிப் புல்வெளியில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடும் ஒரு சிறு குருவியைப் பார்க்காதவர் நம்முள் இரார். வெள்ளை வாலாட்டி என்பது அதன் பெயர். பங்குனி பிறந்ததும் புறப்பட்டுவிடும். மைய ஆசியாவிலும் சைபீரியாவிலும் கூடு கட்டும் கூட்டத்தைச் சேர்ந்தவை அவற்றுள் பல. பிழைப்பைத் தேடி ஊர் விட்டு வந்த குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் அக்குருவி எனக்கு உறவு என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. அது கிடக்கட்டும். இங்கே அது பூச்சியைக் கொத்தித் தின்பதை நாம் கண்ணால் காண்கிறோம். பனி உருகியபின் சில வாரங்களே கோடை நீடிக்கும் அந்நாட்டில் அது தன் குஞ்சுக்கு எதை ஊட்டுகிறது? அதை எப்படி அறிவது?

எளிய கேள்வி என்றுதான் நானும் எண்ணினேன். சென்ற வைகாசியில் விடுதிச் சுவரின் பொந்தில் மைனாக்கள் கூடு வைத்திருந்தன. தொலைநோக்கியும் குறிப்பேடுமாக நான்கு மணி நேரம் எதிரே உட்கார்ந்தேன். 61 முறை இரை வந்தது. இன்னது என்று என்னால் சொல்ல முடிந்தவை 14. மற்றவை எல்லாம் ‘ஏதோ பூச்சி’. குறிப்பேட்டைப் பார்த்த எங்கள் பேராசிரியர், “மற்ற 47 எங்கே தம்பி?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

குளிர்நாட்டில் குஞ்சின் உணவு ஏன் இத்தனை பெரிய செய்தி ஆகிறது என்பதை முதலில் பார்ப்போம். மரப்பொந்தில் பிறக்கும் குஞ்சுக்கு இறகும் இல்லை, கண்ணும் திறவாது. முதல் சில நாள்களுக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் அதற்கு இயலாது. தாய் மேலே அமர்ந்து சூடு தரவேண்டும். குளிர்ந்த மழை பெய்தால் சூடு தருவதா, இரை தேடுவதா என்று தாய்க்கு இக்கட்டு வந்துவிடும். அதே குளிரில் பறக்கும் பூச்சிகளும் வெளியே வாரா. ஆகவே வேண்டும்போது கிடைக்காமலும் போகக்கூடிய பொருள் அங்கே உணவு.

இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்டது பெரிய பட்டாணிக் குருவி. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகே வைத்தம் காடு இருக்கிறது. டேவிட் லாக் என்னும் அறிஞர் 1947 இல் அங்கே மரங்களில் கூட்டுப்பெட்டிகளை மாட்டி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. ஒரு பெட்டியில் எட்டு, பத்துக் குஞ்சுகள் இருக்கும். பிறக்கும்போது ஏறத்தாழ ஒன்றரை கிராம் எடை. 15 நாளில் ஏறத்தாழ 18 கிராம்! பெற்றோர் இருவரும் நாளொன்றுக்குச் சில நூறு முறை இரையோடு வந்து போகின்றன.

அந்த இரையில் பெரும்பங்கு பச்சைப் புழு, அதிலும் குளிர்கால அந்துப்பூச்சியின் புழு. இப்பூச்சியின் வாழ்க்கை வியப்பானது. பெண்ணுக்குப் பறக்கும் சிறகு இல்லை. குளிர்காலத் தொடக்கத்தில் மரத்தில் ஏறி முட்டையிடும். வசந்தத்தில் ஓக் மரம் துளிர்க்கும் சமயத்தில் முட்டை பொரிந்து புழு வெளிவரும். இளந்தளிரைத் தின்று கொழுக்கும். இலை முற்றும் முன்பே மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழு ஆகிவிடும். மரம் முழுதும் புழுவாக இருக்கும் காலம் இரண்டு மூன்று வாரந்தான். மிகுதியாகப் பசிக்கும் பருவத்தில் குஞ்சு அந்த வாரங்களுக்குள் இருக்கவேண்டும். முட்டையிடுவதும் அடைகாப்பதும் அதற்குப் பல நாள் முன்பே நடந்தாகவேண்டும். அப்போது மரத்தில் புழுவே இராது!

இனி, பேராசிரியரின் 47க்கு வருவோம்.

பழைய வழி கழுத்துக் கட்டு. குஞ்சின் கழுத்தில் மெல்லிய நூலையோ கம்பியையோ தளர்வாகக் கட்டுவார்கள். மூச்சு விடலாம், விழுங்க முடியாது. சிறிது நேரம் கழித்து வாயில் நிற்கும் இரையைச் சிறு இடுக்கியால் எடுத்துச் சாராயத்தில் போட்டு வைத்து, கட்டை அவிழ்த்து, குஞ்சுக்கு வேறு உணவு கொடுத்துவிடுவார்கள். பூச்சி முழுதாகக் கிடைக்கும். இனத்தைச் சொல்லலாம், எடை போடலாம். இது இதன் சிறப்பு. ஆனால் சிறு பூச்சி கட்டைத் தாண்டி உள்ளே போய்விடும். குஞ்சு கக்கிய இரையைப் பெற்றோரே எடுத்துப் போய்விடுவதும் உண்டு. கட்டு சற்று இறுகினாலோ, சொல்லவேண்டியதில்லை. எனக்கு இம்முறையில் மனம் செல்லவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது வழி புகைப்படக் கருவி. ரோயாமா என்னும் ஜப்பானிய அறிஞர், பறவை பெட்டிக்குள் நுழையும்போது தானே படம் எடுக்கும் கருவியை அமைத்து, ஒவ்வொரு வரவையும் பதிவு செய்தார். 1970 இல் வெளிவந்த அவருடைய ஆராய்ச்சி இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. குஞ்சின் வயதுக்கேற்ப உணவு மாறுவது இவ்வகைப் படங்களில் தெரிந்தது. முதல் வாரத்தில் சிலந்தியின் பங்கு உயர்கிறது, பிறகு குறைந்துவிடுகிறது. மென்மையான புழு கைக்கெட்டும் இடத்தில் இருக்கச் சிலந்தியைத் தேடிப் போவானேன்? டாரின் என்னும் பொருள் சிலந்தியில் புழுவை விடப் பல மடங்கு உண்டு என்பதும், டாரின் கூடுதலாக ஊட்டப்பட்ட நீலப் பட்டாணிக் குருவிகள் பின்னர் இடத்தை நினைவில் வைப்பதில் மேம்பட்டிருந்தன என்பதும் 2007 இல் வெளிவந்தன. எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் சிலந்தியைச் சில்லறை உணவு என்று ஒதுக்கியிருப்போம்.

மூன்றாவது, எச்சம். கூட்டுக் குஞ்சின் எச்சம் மெல்லிய தோலுறைக்குள் அடங்கி வரும். பெற்றோர் அதைக் கவ்விக்கொண்டு போய் வெளியே எறிந்துவிடும். குஞ்சைக் கையில் எடுத்தால் பெரும்பாலும் நமக்கே ஒன்று கிடைக்கும்! நுண்ணோக்கியில் வைத்தால் வண்டின் சிறகோடு, சிலந்தியின் பல், புழுவின் தாடை ஆகியவை தெரியும். மெல்லுடல் கரைந்துவிட்டிருக்கும். இப்போது எச்சத்தில் எஞ்சிய டி.என்.ஏ.யைப் படித்து இனத்தின் பெயரையே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அதில் எத்தனை புழு என்று சொல்வது கடினம். பெயர் கிடைக்கும், அளவு கிடைக்காது. கழுத்துக் கட்டில் அளவு கிடைக்கும், சிறியது தப்பிவிடும். ஒரு வழியை மட்டும் பிடித்துக்கொண்டு ‘இதுதான் உணவு’ என்று எழுதிய கட்டுரைகளை இப்போது நான் சற்று ஐயத்தோடே படிக்கிறேன்.

புழு எவ்வளவு இருந்தது என்பதும் தெரியவேண்டும் அல்லவா? அதற்கு மரத்தடியில் துணி விரித்துவிடுகிறார்கள். மேலே தின்னும் புழுவின் எச்சம் கீழே விழுகிறது. அதை உலர்த்தி நிறுத்தால் போதும்.

எல்லாப் பறவைகளும் பட்டாணிக் குருவியைப் போல் அவசரப்படுவதில்லை. ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்தின் கோபுரத்தில் வாழும் உழவாரக் குருவிகளையும் லாக் ஆராய்ந்தார். அவை காற்றில் பிடிக்கும் நூற்றுக்கணக்கான சிறு பூச்சிகளை ஒரே உருண்டையாக்கித் தொண்டையில் கொண்டுவரும். மழையும் குளிரும் நீடித்தால் பூச்சி இல்லை. அப்போது குஞ்சு உடற்சூட்டைக் குறைத்து, மயங்கியது போல் கிடந்து, உணவின்றிச் சில நாள் தாங்கும். ஆகையால் அது கூட்டை விட்டுப் பறக்கச் சில சமயம் ஐந்து வாரம், சில சமயம் எட்டு வாரம். பட்டாணிக் குருவிக் குஞ்சுக்கு இந்த வசதி இல்லை.

வசதி இல்லாததன் விலை இப்போது தெரிகிறது. வசந்தம் முன்னைவிடச் சூடாக வருகிறது, புழுவும் முந்திக்கொள்கிறது. வைத்தம் காட்டுப் பட்டாணிக் குருவிகள் அரை நூற்றாண்டுக்குள் முட்டையிடும் நாளை ஏறக்குறைய இரண்டு வாரம் முன்தள்ளி ஈடுகொடுத்தன என்று 2008 இல் கணக்கிட்டார்கள். ஹாலந்தில் ஹோக வேலுவ காட்டில் அதே இனத்தால் அவ்வாறு ஈடுகொடுக்க இயலவில்லை. வலசைப் பறவையின் நிலை இன்னும் கடினம். கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழிக்கிறது. ஹாலந்தில் ஓக் துளிர்த்துவிட்டது என்று அங்கே அதற்கு யார் சொல்வது? முட்டையிடும் நாளை அது முன்தள்ளியும், வந்துசேரும் நாளை முன்தள்ளவில்லை என்று 2001 இல் கண்டார்கள். புழு மிக முந்தி வரும் காடுகளில் இப்பறவையின் தொகை இருபது ஆண்டுக்குள் ஏறத்தாழ 90 விழுக்காடு வீழ்ந்தது என்பது 2006 இல் வெளிவந்த முடிவு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தும் நாணல் சதுப்பில் கூடு கட்டும் பறவைகளிடம் இத்தகைய வீழ்ச்சி இல்லை. சதுப்பில் பூச்சி கோடை முழுதும் கிடைக்கிறது.

நம் வாலாட்டி நீர்க்கரையிலும் வெட்டவெளியிலும் இரை தேடுவது. அது எந்த நாளில் புறப்படுகிறது என்று இவ்வளாகத்தில் யாரும் குறித்து வைத்ததாகத் தெரியவில்லை. சங்க நூலகத்தில், செய்தித்தாள் மேசைமேல், நீல அட்டை போட்ட குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறேன். பங்குனியில் அதைக் கடைசியாகப் பார்த்த நாளையும் இடத்தையும், உங்கள் பெயரோடு, அதில் எழுதுங்கள். என் அறைக் கதவைத் தட்டிச் சொன்னாலும் சரி. தேர்வுக் காலத்தில் மட்டும் சற்று மெதுவாகத் தட்டுங்கள்.