வெற்றிடப் பம்பை நிறுத்தத் தெரியுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

நமது இயற்பியல் ஆய்வகத்தின் மூலையில், மேசைக்குக் கீழே, பெரிய சக்கரமும் பெல்ட்டும் கொண்ட ஓர் இயந்திரம் இருக்கிறது. முதலாண்டு மாணவர்களில் பலர் அதனை மாவரைக்கும் இயந்திரத்திற்கு ஏதோ ஒருவகையில் சொந்தம் என்றே எண்ணிக் கடந்து செல்கின்றனர். அதுதான் வெற்றிடப் பம்பு. அதனை இயக்குவது எப்படி என்று கேட்டால், 'ஸ்விட்சைப் போட்டால் ஓடும்' என்பார்கள். உண்மைதான், ஓடும். ஆனால் இந்த இயந்திரத்தைப் பொறுத்தவரை ஓட்டுவதற்குத் தேவைப்படும் அறிவைவிட நிறுத்துவதற்குத் தேவைப்படும் அறிவே அதிகம். துறையில் இருப்பது ஒரே ஒரு பம்பு. அது பழுதானால் ஓராண்டு மாணவர்கள் அனைவரும் அந்தச் சோதனையைச் செய்யாமலே, படத்தை மட்டும் வரைந்து ரெக்கார்டு நோட்டை முடிக்க வேண்டியதுதான். எனவே அடுத்து வரும் நண்பர்களுக்காக இதனை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வோம். வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. வெளியில் உள்ள காற்றே தள்ளுகிறது. எங்கள் ஊரில் கோடையில் கிணற்று நீர் இறங்கினால், மேலே இருக்கும் மோட்டாரையும் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவார்கள். ஏன் என்று கேட்டால் என் தந்தையார், 'இருபத்தைந்து அடிக்கு மேல் இழுக்காதப்பா' என்பார். கணக்குப்படி, குழாயிலுள்ள காற்றை முழுவதும் அகற்றினாலும் வளிமண்டலத்தால் நீரை ஏறத்தாழ 10.3 மீட்டர், அதாவது 34 அடி உயரம்தான் தள்ள முடியும். கசிவும் உராய்வும் போக நடைமுறையில் கிடைப்பது அந்த இருபத்தைந்து அடி. 1643-இல் இத்தாலியில் டாரிசெல்லி நீருக்குப் பதில் பாதரசத்தைப் பயன்படுத்திக் கண்டதும் இதே உண்மையைத்தான். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி மிக்கதாகையால் 760 மி.மீ. உயரத்திலேயே நின்றுவிட்டது.

பாதுகாப்பைப் பற்றிய பேச்சில் இது எதற்கு என்று கேட்கலாம். 20 செ.மீ. விட்டமுள்ள ஒரு கண்ணாடி டெசிகேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூடியின் பரப்பு 314 சதுர செ.மீ. உள்ளிருக்கும் காற்றை அகற்றிவிட்டால் அந்த மூடியின் மேல் ஏறத்தாழ 320 கிலோ எடைக்குச் சமமான விசை அமர்கிறது. 75 கிலோ நெல் மூட்டைகள் நான்கினைக் கண்ணாடியின் மேல் அடுக்கியது போல! இன்னொன்றும் உண்டு. அழுத்தம் 760 மி.மீ.-லிருந்து 76 மி.மீ.-க்குக் குறைந்த உடனேயே இந்த விசையில் பத்தில் ஒன்பது பங்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பம்பு மணிக்கணக்கில் ஓடினாலும் கண்ணாடியின் மீதுள்ள சுமை சிறிதளவே கூடும். ஆகவே 'இன்னும் நல்ல வெற்றிடம் வரவில்லையே, இப்போது பயமில்லை' என்று கண்ணாடிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோவது பேதைமை. ஆபத்து முதல் நிமிடத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இதனால்தான் தட்டையான அடியுள்ள மெல்லிய கூம்புக் குடுவையைப் பம்புடன் இணைக்கக்கூடாது என்கிறார்கள். உருண்டை அடியுள்ள தடித்த குடுவை விசையைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். தட்டையான அடி உள்வாங்கி நொறுங்கும். கீறல் விழுந்த பாத்திரம் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் ஒதுக்கிவிட வேண்டும். டெசிகேட்டரைச் சுற்றிக் கம்பி வலைக் கூண்டு வைப்பதும், குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுவதும், கண்களுக்குக் கண்ணாடி அணிவதும் அலங்காரத்திற்காக அல்ல. இணைப்புக் குழாயும் தடித்த சுவருள்ள ரப்பர் குழாயாக இருக்க வேண்டும். பன்சன் அடுப்பின் மெல்லிய குழாயை மாட்டினால் அது காலி பால் கவர்போல் ஒட்டிக்கொள்ளும்.

இனிப் பம்பின் உள்ளமைப்பைச் சுருக்கமாகக் காண்போம். இரும்பினால் ஆன உருளை வடிவ அறைக்குள், நடு அச்சை விட்டுச் சற்று விலகிய இடத்தில் ஒரு சுழலி சுற்றுகிறது. அதில் வெட்டப்பட்ட பள்ளங்களில் இரு தகடுகள் உள்ளன. இடையிலுள்ள ஸ்பிரிங் அவற்றை எப்போதும் அறையின் சுவரோடு அழுத்திக்கொண்டிருக்கும். சுழலி சுற்றும்போது ஒருபுறம் இடம் விரிகிறது. காற்று உள்ளே வருகிறது. மறுபுறம் இடம் சுருங்குகிறது. காற்று நெருக்குண்டு, வால்வைத் தள்ளித் திறந்து, எண்ணெயின் ஊடே குமிழியாக வெளியேறுகிறது. ஒற்றை நிலைப் பம்பு ஏறத்தாழ 0.01 மி.மீ. வரையும், இரட்டை நிலைப் பம்பு 0.001 மி.மீ. வரையும் அழுத்தத்தைக் குறைக்க வல்லது. இவ்வளவையும் சாதிப்பது இரும்பு என்று நினைக்கிறோம். உண்மையில் சாதிப்பது எண்ணெய். தகட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை அடைப்பதும், உராய்வைக் குறைப்பதும், வெப்பத்தை வெளியே கொண்டுவருவதும் எண்ணெய்தான்.

ஆகவே ஓட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது எண்ணெய் மட்டம். பம்பின் பக்கவாட்டிலுள்ள சிறு கண்ணாடிச் சாளரத்தில் இரு கோடுகளுக்கு இடையே அது நிற்க வேண்டும். குறைந்தால் வெற்றிடம் கிடைக்காது. மிகுந்தால் வெளியேற்றும் வாய் வழியாகத் துப்பும். அடுத்து, பெல்ட்டைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் கூண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொள்ளாமலும், பின்னலை முன்னால் தொங்கவிட்டுக்கொண்டும் அருகில் குனியக்கூடாது. வேட்டி கட்டிய ஆய்வக ஊழியருக்கும் இதே விதிதான். மோட்டாரைக் கழற்றி மாட்டிய பின், அது அம்புக்குறி காட்டும் திசையில்தான் சுற்றுகிறதா என்று, பாத்திரம் எதையும் இணைக்காமல், ஒரு நொடி ஓட்டிப் பார்க்க வேண்டும். மும்முனை மின்சாரத்தில் இரண்டு கம்பிகள் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். அப்போது பம்பு காற்றை வெளியேற்றுவதற்குப் பதில் எண்ணெயை நம் கருவிக்குள் அனுப்பும்.

பம்பை ஓடவிட்டதும் முதலில் களகளவென்று ஓசை எழும். வெளியேற்றும் வாயில் எண்ணெய்ப் புகை தோன்றும். கருவிப் பக்கத்து வால்வை மூடி வைத்தே இதனைச் செய்ய வேண்டும். சிறிது நேரத்தில் ஓசை மாறி 'டக், டக்' என்று யாரோ உள்ளிருந்து தட்டுவது போல் கேட்கும். இதைக் கேட்டுப் பம்பு உடைந்துவிட்டதென்று அலறி ஸ்விட்சை அணைப்பவர் உண்டு. அது நல்ல அறிகுறி. குமிழியாக மெத்தென்று இடையில் நிற்கக் காற்று இல்லாததால் எண்ணெய் நேராக வால்வில் மோதுகிறது. எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன் மானியைப் பார்க்காமலே, அறை வாசலில் நின்று இந்த ஓசையைக் கேட்டு 'வந்துவிட்டது' என்பார். பிறகே கருவியின் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். வேகமாகத் திறந்தால் மானியிலுள்ள பாதரசம் பாய்ந்து சென்று கண்ணாடியை உடைக்கும். சிதறிய பாதரசத்தின் ஆவி நச்சுத்தன்மை உடையது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

புகை பிடிக்கவில்லை என்று வெளியேற்றும் வாயைத் துணியால் அடைப்பது மிகப் பெரிய தவறு. உள்ளே சேரும் அழுத்தம் ஏதாவதொரு வழியைத் தேடும். ஒரு குழாயை மாட்டி ஜன்னலுக்கு வெளியே விடுவதே முறை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஒரு பக்கம் வெற்றிடம், மறுபக்கம் வளிமண்டலம்; நடுவே எண்ணெய். அந்த நிலையில் வெறுமனே ஸ்விட்சை அணைத்தால் என்ன நிகழும்? வளிமண்டலம் அந்த எண்ணெயைச் சும்மா விடாது. மெல்ல மெல்ல அறைக்குள்ளும், அங்கிருந்து குழாய்க்குள்ளும், இறுதியில் கருவிக்குள்ளும் தள்ளும். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் சுத்தமான கண்ணாடிக் கலத்தில் கறுப்பு எண்ணெய் நிற்கும். கிணற்று மோட்டாருக்கு ஃபுட்வால்வு எதற்கென்று கிராமத்து நண்பர்களுக்குத் தெரியும். நின்ற பின் நீர் திரும்பி இறங்காமல் தடுக்க. புதிய பம்புகள் பலவற்றில் அதைப் போன்ற தானியங்கித் தடுப்பு உண்டு. பழைய பெல்ட் பம்புகளில் பெரும்பாலும் இல்லை. ஆங்கே நம் கையே ஃபுட்வால்வு.

முறை இதுதான்: முதலில் கருவிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள வால்வை மூட வேண்டும். பிறகு மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்திய கையோடு, பம்பின் பக்கமுள்ள காற்று வால்வைத் திறந்து உள்ளே காற்றை விட வேண்டும். 'உஸ்' என்ற ஓசை அடங்கினால் இருபுறமும் அழுத்தம் சமமாகிவிட்டது என்று பொருள். வரிசை மாறி, கருவியின் வால்வை மூடுமுன் காற்றை விட்டால், பம்பு தப்பும். கருவிக்குள் காற்று பாய்ந்து சோதனை கெடும்.

நாமாக நிறுத்தும்போது இவ்வளவும் செய்யலாம். மின்சாரம் தானாக நின்றால்? அறிவிக்கப்பட்ட பராமரிப்பு மின்தடை நாளில் பம்பைத் தொடாமலிருப்பது நலம். எதிர்பாராமல் நின்றால், விளக்கு அணைந்ததும் வாசலுக்கு ஓடாமல், மேற்சொன்ன மூன்றையும் அதே வரிசையில் செய்ய வேண்டும். குறிப்பாக ஸ்விட்சை அணைக்க வேண்டும். ஏனெனில் பத்து நிமிடம் கழித்து மின்சாரம் திரும்பும்போது மோட்டார் தானாகவே கிளம்பும். அதற்குள் அறை முழுவதும் எண்ணெய் ஏறியிருந்தால், காற்றைப் போல் எண்ணெய் நெருங்கிக் கொடுக்காது. தகடு உடையலாம், பெல்ட் அறுபடலாம், மோட்டார் சுருள் கருகலாம். யாராவது அந்த நேரம் பெல்ட்டில் கை வைத்திருந்தால் அதைவிடக் கொடுமை. மின்சாரம் போனால் தானே விடுபட்டு, மீண்டும் பொத்தானை அழுத்தினால் மட்டுமே ஓட்டும் ஸ்டார்ட்டர் ஒன்றைப் பொருத்துவது இதற்குச் சரியான மருந்து. பம்பின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவன்று.

பராமரிப்பில் முதல் எதிரி நீராவி. காற்றிலுள்ள ஈரம் பம்புக்குள் நெருக்கப்படும்போது, வால்வு திறக்கும் அழுத்தத்தை எட்டுமுன்பே நீராகிவிடுகிறது. 60 டிகிரி சூட்டில் நீரின் நிறைவுற்ற ஆவியழுத்தம் ஏறத்தாழ 149 மி.மீ. தான்; வால்வு திறக்கவோ 760-க்கு மேல் வேண்டும். நீரான ஆவி வெளியேறாமல் எண்ணெயில் கலந்து, எண்ணெய் மோர் போல் வெளுக்கிறது. உள்ளே துரு பிடிக்கிறது. இதற்கு ஜெர்மனியின் உல்ஃப்காங் கேடே 1935-இல் ஓர் எளிய வழி கண்டார். நெருக்கப்படும் அறைக்குள் சிறிதளவு வெளிக்காற்றை வேண்டுமென்றே விட்டால், ஆவி நீராவதற்கு முன்பே வால்வு திறந்து, காற்றோடு ஆவியும் வெளியேறிவிடும். இதுவே 'கேஸ் பேலஸ்ட்' எனப்படும் சிறு திருகு. வெற்றிடத்தைக் கெடுக்கும் ஓட்டை என்று எண்ணி அதனை நிரந்தரமாக இறுக்கி வைப்பவர்கள் உண்டு. பம்பைச் சூடேற அரைமணி நேரம் இத்திருகைத் திறந்து ஓட்டிவிட்டு, பிறகு மூடினால் போதும்.

இங்கு மாணவர்களை ஏமாற்றும் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். மெக்லியாட் மானி வாயுவை நெருக்கி அளப்பதால், அதில் நீராவி நீராகிக் கணக்கிலிருந்து மறைந்துவிடும். எனவே எண்ணெயில் ஈரம் நிறைந்திருந்தாலும் மானி நல்ல அளவையே காட்டலாம். பிரானி மானி அப்படி மறைக்காது. இரண்டும் பெரிதும் மாறுபட்டால் ஆவியைச் சந்தேகிக்க வேண்டும்.

அசிட்டோன், ஆல்கஹால், அமில ஆவிகள் ஆகியவற்றை நேராகப் பம்புக்குள் விடக்கூடாது. இடையே குளிர்பொறி வேண்டும். தூய ஆக்சிஜனைச் சாதாரணக் கனிம எண்ணெய் உள்ள பம்பால் இறைப்பது வெடிவிபத்தை வரவழைப்பதாகும்.

சிலர், பழுதாகிவிடுமே என்று அஞ்சிப் பம்பைப் போர்த்தி மூலையில் வைத்துவிடுகின்றனர். அது பராமரிப்பன்று என்பது என் கருத்து. ஈரம் கலந்த எண்ணெயோடு மாதக்கணக்கில் நிற்கும் பம்பு, ஓடித் தேய்வதைவிட வேகமாகத் துருப்பிடித்துக் கெடும். வாரம் ஒருமுறை கேஸ் பேலஸ்டைத் திறந்து அரைமணி நேரம் ஓட்டினாலே பல ஆண்டுகள் உழைக்கும். அந்த அரைமணி நேரத்தை மாணவர்களிடமே, ஆசிரியர் மேற்பார்வையில், முறை வைத்து ஒப்படைத்தால் இன்னும் நல்லது. வீட்டில் கிரைண்டரும் மிக்சியும்கூடத் தொட்டுப் பழகாமல் வந்த எங்களைப் போன்றோருக்கு வேறு எங்கே கை பழகும்?

எண்ணெய் மாற்றும்போது பம்பு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். மின் இணைப்பைப் பிடுங்கியிருக்க வேண்டும். அடித் திருகைக் கழற்றிப் பழையதை வடித்து, சிறிது புதிய எண்ணெய் ஊற்றிச் சில நிமிடங்கள் ஓட்டி அதையும் வடித்த பின்பே முழு அளவு நிரப்ப வேண்டும். வெற்றிடப் பம்புக்குரிய எண்ணெயையே வாங்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் எண்ணெய் மலிவானதுதான். ஆனால் அதில் கலந்துள்ள பொருள்கள் வெற்றிடத்தில் ஆவியாகி, எவ்வளவு ஓட்டினாலும் அழுத்தம் இறங்க விடாது. பழைய எண்ணெயில் நாம் இதுவரை இறைத்த ஆவிகள் எல்லாம் கரைந்திருக்கும் என்பதால் கையுறை அணிந்தே தொட வேண்டும். சாக்கடையில் கொட்டாமல் டின்னில் சேர்த்து வைத்துத் துறையில் ஒப்படைக்க வேண்டும். மாற்றிய தேதியை ஓர் அட்டையில் எழுதிப் பம்பிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதினால், அடுத்த முறை தேவைப்படும்போது நோட்டு பீரோவிலும் சாவி வேறு யாரிடமாவதும் இருக்கும்.