சிமெண்டுத் தூசியும் கிராம நலமும்

அரியலூர் வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் மிகுதி. ஆதலின் அங்குச் சிமெண்டு ஆலைகள் பெருகின. கல்லைக் களிமண்ணுடன் அரைத்து, சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுகையில் கரியமில வாயு வெளியேறுகிறது. கல் உடைத்தலாலும் அரைத்தலாலும் எழும் தூசி, இலைகளில் படிந்து விளைச்சலைக் குறைக்கும், நுரையீரலையும் கெடுக்கும்.

கதிரியக்க அச்சமும் சிலருக்கு உண்டு. கல்லிலும் மண்ணிலும் யுரேனியம், தோரியம் ஆகியவை இயற்கையாகவே சிறிதளவு உள்ளன. சிமெண்டில் சேர்க்கும் நிலக்கரிச் சாம்பலில் சற்று மிகும். எனினும் சாதாரணச் சிமெண்டு பெரும்பாலும் பாதுகாப்பு வரம்புக்குட்பட்டதே. வீட்டில் நல்ல காற்றோட்டம் இருப்பின் ரேடான் வாயு தேங்காது.

ஆகவே முதற்கவலை தூசியே. பேராலை அமையுமுன் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடைபெறும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை முன்னரே படித்துச் செல்லுதல் வேண்டும். தூசி வடிகட்டி, மூடிய லாரி, கிணற்று நீர்மட்டம் ஆகியவை குறித்து வினவி, விடைகளைப் பதிவு செய்வித்தல் அவர்தம் கடமையாகும்.