இளைஞர்களிடம் பொறுப்பைக் கொடுங்கள்



ஹிஜ்ரி 8, ஷவ்வால் மாதம். மக்கா வெற்றி கொள்ளப்பட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நபி (ஸல்) அவர்கள் ஹுனைனுக்குப் புறப்பட வேண்டிய நிலை. இருபது ஆண்டுகால பகை இன்னும் ஆறாத ஊர் அது. மூத்த குறைஷித் தலைவர்களின் ஊர். அந்த ஊரை யாரிடம் ஒப்படைத்தார்கள் தெரியுமா? அத்தாப் இப்னு அஸீத் (ரலி) அவர்களிடம். அப்போதுதான் இஸ்லாத்திற்கு வந்தவர். வயது இருபதைச் சற்றுத் தாண்டியிருந்தது.

பிறகு மதீனா திரும்பும்போதும் நபியவர்கள் ஆளை மாற்றவில்லை. மக்களுக்கு மார்க்கம் கற்றுக்கொடுக்க முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை அவருடன் விட்டுச் சென்றார்கள். முஆதும் இளைஞர்தான். அத்தாபுக்கு நாளொன்றுக்கு ஒரு திர்ஹம் சம்பளமும் நிர்ணயித்ததாக சீரா நூல்கள் கூறுகின்றன. அந்த ஆண்டு முஸ்லிம்களின் ஹஜ்ஜுக்குத் தலைமை ஏற்றவரும் அவரே. நபியவர்கள் வஃபாத்தாகும் வரை மக்காவின் பொறுப்பு அவரிடமே இருந்தது.

"பையன்தானே, இன்னும் கொஞ்சம் பக்குவப்படட்டும்" என்று தள்ளிப்போடவில்லை. பொறுப்பே அவரைப் பக்குவப்படுத்தியது. வெறும் கையோடும் நிறுத்தவில்லை. அருகில் ஓர் ஆலிமும் இருந்தார், வயிற்றுக்கு வழியும் இருந்தது.

2015 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை தனது 2250-ஆம் தீர்மானத்தில், 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களை அமைதி குறித்து முடிவெடுக்கும் இடங்களில் சேர்க்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அதைக் கொண்டுவந்த நாடு ஜோர்டான். நல்ல விஷயம். ஆனால் நம் ஜமாஅத் நிர்வாகத்தில் முப்பது வயதுக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள்? பெரியவர்கள் கோபப்படாமல் எண்ணிப் பாருங்கள்.

ஸஹீஹுல் புகாரீயில் அம்ர் இப்னு ஸலமா (ரலி) அவர்களின் செய்தி வருகிறது. வழிப்போக்கர்களிடம் கேட்டுக் கேட்டே குர்ஆனை மனனம் செய்த சிறுவர். கூட்டத்தில் அவருக்கே அதிகம் தெரிந்திருந்ததால் ஆறேழு வயதில் இமாமாக நிறுத்தினார்கள். அணிந்திருந்த துணி சிறியது, ஸஜ்தாவில் மேலேறிவிடும். ஒரு பெண்மணி அதைச் சுட்டிக்காட்டினார். அந்த மக்கள் சிறுவரை நீக்கவில்லை, கேலி செய்யவில்லை. துணி வாங்கி சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டையைப் போல் வேறெதிலும் தான் மகிழ்ந்ததில்லை என்கிறார் அவர்.

நம் பிள்ளைகளிடம் ஒரு குறை தெரிந்தால் நாம் என்ன செய்கிறோம்? பள்ளிக் கணக்கைப் பற்றி ஒரு கல்லூரி மாணவர் கேள்வி கேட்டுவிட்டால், முதலில் அவரது தாடியையும் தொப்பியையும் பார்க்கிறோம்.

எங்கிருந்து தொடங்குவது? ஒளூச் செய்யும் இடத்திலிருந்தே தொடங்கலாம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில் ஒளூச் செய்தார்கள் என்று புகாரீ, முஸ்லிமில் உள்ளது. இன்றைய அளவில் அது ஒரு லிட்டருக்கும் குறைவு. (ஆற்றங்கரையிலும் விரயம் கூடாது என்ற இப்னு மாஜா அறிவிப்பையே மேடைகளில் அதிகம் சொல்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு. இந்த ஸஹீஹான செய்தியே போதுமானது.) நம் குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்து ஒளூச் செய்து பாருங்கள், எவ்வளவு சேர்கிறது என்று தெரியும்.

இந்த வேலையை மஹல்லா இளைஞர்களிடம் விட்டுவிடுங்கள். அளக்கட்டும், குழாயை மாற்றட்டும், ஒளூத் தண்ணீரை மரங்களுக்குத் திருப்பட்டும். அந்தத் தண்ணீர் சுத்தமானதே. மறுபடி ஒளூவுக்குத்தான் ஆகாது. அதற்கென ஒரு தொகையையும் கொடுங்கள். நடுவில் போய்க் கையைப் பிடிக்காதீர்கள்.

இளைஞர்களே! நபியவர்கள் ஏறத்தாழ இருபது வயதில் ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையில் கலந்துகொண்டார்கள். சரக்கைக் கொடுத்துவிட்டு விலை கிடைக்காமல் நின்ற ஒரு யமன் வியாபாரிக்காகக் கூடிய கூட்டம் அது. அவர் எந்தக் குலம் என்று பார்க்கவில்லை, உரிமை பறிக்கப்பட்டதா என்றே பார்த்தார்கள். உங்கள் தெருவில் பிரச்சினை வரும்போது கைபேசியில் வந்ததை அப்படியே பரப்பாமல், இரு தரப்பாரையும் நேரில் போய்க் கேளுங்கள். அநீதிக்குள்ளானவர் மாற்று மதச் சகோதரராக இருந்தாலும் அவர் பக்கம் நில்லுங்கள்.

நிர்வாகிகள் இந்த வாரமே இளைஞர்களை அழைத்து உட்காரவைத்துப் பேச அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.