தலைமையும் ஒரு கயிறும்

தலைவன் என்பான் ஏவுபவன் என்றே நம்மிற் பலர் கொண்டுள்ளோம். கேட்பவனும் அவனே என்பதற்கு வாணிக உலகிலிருந்து ஒரு சான்று காட்டுதும்.

கலிபோர்ணியாவிலே பிறீமொன்ற் என்னும் ஊரில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை ஒன்று இருந்தது. தொழிலாளர் வேலைக்கு வாராமையும், முகாமையாளரோடு ஓயாப் பிணக்கும் அதன் பெயரைக் கெடுத்தன. 1982 இல் அது மூடப்பட்டது. 1984 இல் யப்பானிய ரொயோற்றா நிறுவனம் கூட்டுச் சேர்ந்து அதனை மீளத் திறந்தது. புதிய ஆட்களைத் தேடிற்றோ? இல்லை, பெரும்பாலும் பழைய தொழிலாளரையே சேர்த்துக்கொண்டது. சிலகாலத்துள் அங்கு ஆன வண்டிகள் யப்பானிய வண்டிகளுக்கு ஏறக்குறைய நிகரான தரம் எய்தின.

மாறியது யாது? வேலை வரிசையோரம் ஒரு கயிறு தொங்கிற்று. குறை கண்ட எத்தொழிலாளியும் அதனை இழுக்கலாம். குழுத்தலைவன் உடனே வந்து துணைபுரிவான். அப்போதும் குறை தீராவிடின் வரிசையே நின்றுவிடும். இதன் வேர் நெசவிலே உள்ளது. சகிச்சி ரொயோடா 1924 இல் ஆக்கிமுடித்த தறி, இழை அறுந்ததும் தானே நிற்பது.

கயிறு கட்டுதல் எளிது. இழுத்தவனைச் சினவாதிருத்தலே அரிது. பணிமனை நடத்தும் நம் பழைய மாணவர் இதனைச் சிந்திப்பாராக: பிழை கண்ட எழுதுவினைஞன் உங்கள் கதவைத் துணிந்து தட்டுவானா? வகுப்பறைக்கும் இவ்வினா பொருந்தும். ஆசிரியர்க்கு அது சற்றே கசக்கும்.

பிறீமொன்ற் சாலை 2010 இல் மூடப்பட்டது. அது தொழிலாளர் குறையன்று. முந்திய ஆண்டில் ஜெனரல் மோட்டர்ஸ் முறிவுற்றுக் கூட்டினின்றும் விலகியிருந்தது.