மெழுகுப் பானையும் கான்வாஸும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் மூன்று பக்கம் ஓவியம் பற்றி. ஒரே ஒரு வரி பிழைப்பு பற்றி. மழலையர் பள்ளிச் சுவர்களில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்துதான் அறை வாடகை கட்டுகிறாய், அந்தச் சுவர்களில் மட்டும் கையெழுத்துப் போடுவதில்லை. பதில் எழுத வைத்தது அந்த ஒரு வரிதான். இந்தக் கூச்சத்துக்குச் சென்னையில் ஒரு பழைய கதை இருக்கிறது. அதன் நடுவில் நிற்பவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்.

1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். பள்ளி வயதிலேயே நிலக்காட்சிகள் வரைய ஆரம்பித்துவிட்டார். ஆனால் தந்தை இறந்ததும் குடும்பம் தோளில் ஏறியது. தந்தி இலாகாவில் வேலை, பிறகு ஆயுள் காப்பீட்டு முகவர். சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தது 1936இல், இருபத்தைந்து வயதில். பாலிசி விற்கப் படியேறி இறங்கிய மனிதருக்கு, பட்டினி கிடந்தால்தான் கலை வரும் என்கிற வசனத்தில் பெரிய மரியாதை இருந்திருக்காது.

பெரியமேட்டில் இருக்கும் அந்தப் பள்ளி 1850இல் தொடங்கியது. மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் அங்கே நெடுங்காலம் தலைவர். 1957இல் அவர் ஓய்வு பெற, நாற்காலி பணிக்கரிடம் வந்தது. அரசாங்க உத்தியோகம், மாதச் சம்பளம், முதல்வர் என்ற பெயர்ப்பலகை. அத்தோடு நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

படிப்பை முடித்து வெளியே வந்த பையன்களுக்கும் பெண்களுக்கும் அன்றைய சென்னையில் என்ன இருந்தது? படம் வாங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், விளம்பரக் கம்பெனி, சினிமா செட்டு, கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் நெசவாளர் சேவை மையத்தில் டிசைனர். எதுவும் இழிவான வேலை இல்லை. ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர் சொன்னதை வரைந்த கை, ராத்திரி தனக்காக வரைய உட்கார மறுக்கும். நாலைந்து வருடத்தில் பிரஷ் காய்ந்துவிடும். வகுப்பில் பிரமாதமாக வரைந்த எத்தனை பேரை இப்படி இழந்திருக்கிறோம் என்பதற்குக் கணக்கே கிடையாது.

பணிக்கர் கண்ட வழி எளிமையானது, கொஞ்சம் அழுக்கானதும்கூட. மாணவர்களும் நண்பர்களும் ஓய்வு நேரத்தில் ஒன்றுகூடிக் கைவினைப் பொருள்கள் செய்து விற்பது. தோல் வேலை, மண்பாண்டம், உலோகம், எல்லாவற்றுக்கும் மேலாக பாத்திக் துணி.

பாத்திக் செய்யும் இடத்தில் நீ ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். தேன்மெழுகும் பாரஃபினும் கலந்து அடுப்பில் உருகிக்கொண்டிருக்கும். சாயம் ஏறக் கூடாத இடத்திலெல்லாம் அந்த மெழுகைத் தூரிகையால் தொட்டு எழுத வேண்டும். சூடு குறைந்தால் மெழுகு துணியின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும், இழைக்குள் இறங்காது. சாயத்தில் முக்கியதும் பின்பக்கமாக நிறம் புகுந்து கோடு பாழ். சூடு கூடினால் கோடு கசிந்து பரவும். அழித்து எழுத வழியே இல்லை. முதலில் வெளிர் நிறம்; உலர்த்தி மறுபடி மெழுகு; பிறகு அதைவிட அடர்ந்த நிறம். சாயம் ஆறித்தான் இருக்க வேண்டும், சூடாக இருந்தால் போட்ட மெழுகு கரைந்து போகும். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்கும்போது, வெடிப்புகளில் இறங்கிய சாயம் நரம்பு நரம்பாகத் தெரியும். கோட்டில் கை நிற்காத ஆளுக்கு இந்த வேலை வராது. சென்னை ஓவியர்களின் பலமே கோடுதான் என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. அந்தக் கோடு பழகிய இடங்களில் மெழுகுப் பானையையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

துணிகள் விற்றன. அதில் சேர்ந்த காசைக் கொண்டு 1966இல் நகருக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில், கடலோர மணல் நிலம் வாங்கினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள். ஐரோப்பியர் வாயில் ‘கோரமண்டல்’ ஆகிப்போன சோழமண்டலம் என்ற பெயரையே அதற்கு வைத்தார்கள். இன்று மகாபலிபுரத்துக்குக் கார்கள் சீறிப் பாயும் அந்தச் சாலை அப்போது கிடையாது. மின்சாரமும் கிடையாது. சவுக்குத் தோப்பு, கீற்றுக் கொட்டகை, உப்புக் காற்று. மறு வருடம் ஓய்வு பெற்ற பணிக்கரும் அந்த மணலுக்கே குடிவந்து, 1977இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

அங்கே செய்த ஏற்பாட்டைக் கவனி. மனை அவரவருடையது, வீடு அவரவர் கட்டிக்கொள்வது. பட்டறையும் காட்சிக்கூடமும் பொது. விற்பனையில் ஒரு பங்கு பொதுச் செலவுக்கு. குருவின் காலடியில் சீடர்கள் என்கிற ஆசிரமக் கணக்கு இல்லை. துணியை வாடிக்கையாளர் விருப்பத்துக்கு வரையலாம், கான்வாஸை யாருக்காகவும் மாற்ற வேண்டியதில்லை. கைவேலை கேவலம் என்று யாரும் அதை ஒளித்து வைக்கவில்லை. அதையே ஓவியம் என்று சொல்லி ஏமாற்றவும் இல்லை. நேர்மை என்று நாம் பெரிதாகப் பேசுவது இங்கே வெறும் கணக்குப் புத்தக விஷயமாக இருந்தது.

அங்கே இருந்தவர்களின் பட்டியலைப் பார்: எருதுகளும் நாட்டார் தெய்வங்களுமாக வரைந்த ஜே. சுல்தான் அலி, செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் சிற்பம் செய்த பணிக்கரின் மகன் நந்தகோபால், கே. ஹரிதாசன், எஸ்.ஜி. வாசுதேவ், அர்னவாஸ், எம். சேனாதிபதி. பணிக்கரின் சாயல் பலர் மேலும் விழுந்திருக்கிறது. நகல் என்று ஒருவரைக்கூடச் சொல்ல முடியாது. அந்தக் கூட்டத்தில் ஒருவரான விஸ்வநாதன் பாரிஸுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். போகிறவரைத் துரோகி என்று சொல்லாத கூட்டம் நம் ஊரில் அபூர்வம்.

தன் சொந்த வேலையைப் பணிக்கர் இந்தக் கிராமத்துக்காகப் பலி கொடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையை அவர் தொடங்கியது 1963இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கம்தான் பொறி என்று சொல்வார்கள். ஜாதகக் கட்டம் மாதிரி, மலையாள எழுத்து மாதிரி, பீஜகணிதம் மாதிரி கிறுக்கல்கள். கிட்டே போய்ப் படித்தால் ஒரு சொல்லும் பிடிபடாது. அதுவரை வரைந்து பெயர் வாங்கிய பாணியை விட்டுவிட்டு இப்படி ஒன்றில் இறங்க, முதல்வர் நாற்காலியில் இருப்பவருக்குத் தைரியம் வேண்டும். மாணவர்களுக்கு அவர் நடத்திய ஆகச் சிறந்த பாடம் அதுவாக இருக்கலாம்.

எல்லாம் சுபம் என்று முடித்தால் அது பொய். கே. ராமானுஜம் என்றொருவர் அங்கே இருந்தார். மன நோயோடு போராடியவர், தொப்பி வைத்த தன் உருவத்தையே கனவு நகரங்களின் நடுவே பேனா மையால் திரும்பத் திரும்ப வரைந்தவர். வெளியுலகம் சீந்தாத அவருக்குச் சோழமண்டலத்தில் இடம் கிடைத்தது. கன்னிமரா ஹோட்டலுக்குப் பெரிய ஓவியம் வரைந்து கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தார். ஆனாலும் 1973இல், இளம் வயதிலேயே, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இடம் இருந்தது, சகாக்கள் இருந்தார்கள், வேலை இருந்தது. அவரைக் காப்பாற்ற அதெல்லாம் போதவில்லை. உன் கூட்டத்தில் யாராவது நாலு நாள் பேசாமல் இருந்தால், ‘கலைஞன்னா அப்படித்தான்’ என்று விட்டுவிடாதே. கதவைத் தட்டு. தேவைப்பட்டால் மருத்துவரிடம் அழைத்துப் போ.

ஓவியங்கள் விலைபோகத் தொடங்கியதும் மெழுகுப் பானைகள் அடுப்பிலிருந்து இறங்கின. சாலை வந்தது, நிலத்தின் விலை எங்கேயோ போனது. அப்படி இன்னொரு மனை இன்று எந்தப் பாத்திக் துணியை விற்றாலும் வாங்க முடியாது. ஆகவே நீயும் நண்பர்கள் நால்வரும் வாடகைக்குப் பிடித்திருக்கும் அந்த மாடி அறையை, குட்டிச் சோழமண்டலம் என்று நினைத்து ஏங்க வேண்டாம். வாடகை, மின்கட்டணம், வருகிற வேலையில் யாருக்கு எவ்வளவு என்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு முறியும் கதைகளில் முக்கால்வாசி, எழுதாமல் விட்ட முந்நூறு ரூபாயில் தொடங்குகிறவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் ஈஞ்சம்பாக்கம் வாருங்கள். 2009இல் திறந்த காட்சியகம் அங்கே இருக்கிறது. கோடுகளைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். உன் கான்வாஸ்கள் கைப்பேசியில் இருக்கும், சரி. அந்த ஒட்டகச்சிவிங்கிச் சுவரையும் படம் எடுத்துக்கொண்டு வா. அதன் கழுத்துக் கோட்டை எங்கிருந்து எங்கே ஒரே இழுப்பில் இழுத்தாய் என்று பார்க்க வேண்டும்.