கைப்பேசி இசைப்பதிவும் இன்றியமையா ஒலித்திருத்திகளும்

பாட்டைப் பதிவு செய்தல் என்பது நெடுங்காலம் பெரும்பொருள் உடையார்க்கே இயல்வதாய் இருந்தது. வெளியோசை புகாத சுவர்களும், மேசையளவு அகன்ற கலப்புக் கருவிகளும், அவற்றை ஆளும் வல்லாரும் ஒருங்கே வாய்த்தாலன்றி அது நடைபெறாது. அக்கூடம் முழுவதும் இஞ்ஞான்று மாணவனுடைய சட்டைப்பையில் அடங்கிவிட்டது. கொரில்லாஸ் என்னும் ஆங்கிலக் குழுவினர் 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தபொழுது, பெரும்பாலும் ஐபேட் ஒன்றைக் கொண்டே 'தி ஃபால்' என்னும் இசைத்தொகுப்பை ஆக்கினர். கென்ட்ரிக் லாமர் 2017-இல் வெளியிட்ட தொகுப்பில் 'பிரைட்' என்னும் பாட்டின் இசையை ஸ்டீவ் லேசி என்னும் இளைஞர் தம் ஐபோனிலேயே தொடங்கி அமைத்தார். ஆகவே, கருவி இல்லை என்று சொல்லித் தப்புதற்கு நமக்கு இனி இடமில்லை.

இப்பொழுதுள்ள இடர் கருவியின் குறைவன்று, மிகுதியே. செயலிக் கடையைத் திறந்த அளவில் ஒலித்திருத்திகள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன்னை இன்றியமையாதது என்றே கூறிக்கொள்கின்றது. விடுதிச் செலவில் மிச்சம் பிடித்துச் சில நூறு ரூபாய் சேர்த்திருக்கும் மாணவன் இவற்றுள் எதனைக் கொள்வது, எதனை விடுப்பது? அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சொல்லின் பொருளை வரையறுத்துக்கொள்வோம். பிளக்-இன் என்பது தானே தனித்து இயங்காமல், பதிவுச் செயலி ஒன்றினுள் செருகப்பெற்று, அதன் வழியே ஓடும் ஒலியை மாற்றித் தரும் சிறு நிரல். இதனைச் செருகுநிரல் என்பர். ஆப்பிள் நிறுவனத்தார் 2015-இல் ஐஓஎஸ் 9 உடன் ஏயூ-வி3 என்னும் பொதுமுறையை வகுத்தனர். அதன்பின் ஒருவர் செய்த செருகுநிரல் மற்றொருவர் செய்த செயலியினுள்ளும் இடம்பெறுவதாயிற்று. ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளில் அங்ஙனம் பரவலாக ஏற்கப்பட்ட பொதுமுறை இல்லை. பேண்ட்லேப், எஃப்எல் ஸ்டுடியோ மொபைல், கியூபேசிஸ் முதலிய செயலிகள் தம்முள்ளேயே அமைத்துத் தரும் திருத்திகளையே ஆண்டுகொள்ளல் வேண்டும். இதனை எண்ணி ஆண்ட்ராய்டு உடையார் வருந்த வேண்டுவதில்லை. ஏனெனில் யான் கீழே கூறப்போகும் நான்கும் அச்செயலிகளுள் ஏதேனும் ஒரு வடிவில் உள்ளன. ஐபோனில் விலையின்றிக் கிடைக்கும் கராஜ்பேண்டிலும் அவற்றுட் பெரும்பாலன உண்டு.

திருத்தியைத் தேர்தற்கு அடிப்படையான வினா ஒன்றே: பதிவான ஒலியில் உள்ள குறை யாது? குறை இன்னதென்று அறியாமுன் மருந்து வாங்குவாரை யாம் நகைப்போம். இசைப்பதிவில் அதனையே நாடோறும் செய்கின்றோம்.

பெரும்பான்மைக் குறைகளை நீக்குவது ஈக்குவலைசர். மாந்தர் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளைக் கேட்கும். அப்பரப்பைப் பல பகுதிகளாகக் கொண்டு, வேண்டிய பகுதியை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்வதே இக்கருவியின் தொழில். விடுதி அறையில் ஒரு தோழனைப் பாடவைத்துப் பதிந்தோமாயின், மின்விசிறியின் உறுமலும், தெருவிற் செல்லும் பேருந்தின் அதிர்வும் உடன் வந்து அமையும். பாடுவோன் குரலில் விநாடிக்கு 80 அதிர்வுக்குக் கீழே பொருளுடையது ஒன்றும் இல்லை; ஆதலின் அப்பகுதி முழுவதையும் வெட்டிவிடலாம். பெண்குரலாயின் இன்னும் சற்று மேலேறி வெட்டினும் குறைவில்லை. விநாடிக்கு 200 முதல் 400 அதிர்வு வரையுள்ள இடம் சிற்றறையிற் பதிந்த குரல்களில் மந்தமாய்த் திரண்டு நிற்கும். ஆங்கே இரண்டு மூன்று டெசிபல் தாழ்த்திய அளவில், பாடுவோன் வாயினின்று போர்வையை விலக்கினாற்போலச் சொல் தெளியும். 5,000 முதல் 8,000 வரையுள்ள இடமோ ஸகர ஷகரங்கள் சீறும் இடம். 'ஸ்தோத்திரம்', 'இயேசு' என்னும் சொற்கள் அடிக்கடி வரும் நம் கீர்த்தனைகளைப் பதிவோர் இவ்விடத்தை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

இக்கருவியைப் பயிலும் புதியோர் எல்லாரும் செய்யும் பிழை ஒன்றுண்டு; யானும் பல திங்கள் செய்தேன். வேண்டியதை உயர்த்துவார்களேயன்றி வேண்டாததைத் தாழ்த்தார். உயர்த்திய அளவில் ஒலி பெரிதாகின்றது. பெரிதானதை நம் செவி சிறந்தது என்று மயங்குகின்றது. திருத்துமுன் இருந்த உரப்பிற்கே திருத்திய ஒலியையும் கொணர்ந்து நிறுத்தி, பின்னரே இரண்டனையும் ஒப்பிடுதல் வேண்டும்.

இரண்டாவது கம்பிரெஸ்ஸர் என்னும் அமுக்கி. பாடுவோன் உச்சத்திற் செல்லுங்கால் ஒலி ஓங்கும்; தாழுங்கால் சொல் மறையும். இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது அமுக்கி. அதன் கணக்கு எளியது. வாசலை −20 டெசிபல் என்றும், விகிதத்தை நான்குக்கு ஒன்று என்றும் வைத்தோமாயின், −8 டெசிபலுக்கு எழும் ஓசை வாசலைக் கடந்தது 12 டெசிபல். அமுக்கி அதில் நான்கிலொரு பங்காகிய 3 டெசிபலை மாத்திரம் விடும். எனவே ஓசை −17-இல் நிற்கும். குரலுக்கு இத்துணை அமுக்கம் பெரும்பாலும் மிகை. மூன்று முதல் ஆறு டெசிபல் குறைதல் சாலும்.

ஈண்டுத் தமிழ் பயில்வார் கருதத்தக்கது ஒன்று உண்டு. அமுக்கி எவ்வளவு விரைவிற் பிடிக்கின்றது என்பதை வரையறுக்கும் குமிழுக்கு அட்டாக் என்று பெயர். அதனை ஒரு மில்லி விநாடி, இரண்டு மில்லி விநாடி என்று மிக விரைவாக வைத்தால், சொல்லின் முதலில் வெடித்துப் பிறக்கும் ககர தகர பகரங்களின் தலை நசுங்கிவிடும். வல்லினம் வல்லினமாய் ஒலியாது. எதுகை மோனைகளின் அழகு அவ்வெழுத்துக்களின் தாக்கத்தில் அன்றோ உள்ளது? 20 அல்லது 30 மில்லி விநாடி விட்டுப் பிடிக்குமாறு அமைப்பின், எழுத்து முதலிற் பிறந்துவிடும். அமுக்கம் அதன் பின் வரும். ஆங்கில நூல்கள் மத்தளத்திற்குக் கூறும் இவ்விதியை யாம் நம் வல்லெழுத்துக்கும் கொள்ளலாம்.

மூன்றாவது ரிவெர்ப் என்னும் எதிர்முழக்கி. வெற்றறையிற் பதிந்த குரல் உலர்ந்து கிடக்கும். அதற்கு ஓர் இடத்தைத் தருவது இது. ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஆகவே 17 மீட்டர் தொலைவிலுள்ள சுவரிற் பட்டு மீளும் ஓசை பாடுவோனை வந்தடையப் பத்திலொரு விநாடி ஆகின்றது. இத்தகைய மீள்வுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் செறிவதே பெருங்கோயில்களில் நாம் கேட்கும் முழக்கம். இதனைச் செயற்கையில் ஆக்க முன்னோர் பட்ட பாடு பெரிது. 1947-இல் பில் புட்னம் என்பார் ஹார்மோனிகேட்ஸ் குழுவினரின் பாட்டொன்றிற்குக் குளியலறையையே முழக்க அறையாக ஆண்டனர். 1957-இல் ஜெர்மானியர் செய்த இஎம்டி 140 என்னும் கருவியில் பெரிய எஃகுத் தகடு ஒன்று தொங்கும். அக்கருவியின் எடை கால் டன்னுக்கு மேல். அத்தகட்டின் ஓசையைக் கணக்கினால் ஆக்கித் தரும் நிரல் இன்று நம் உள்ளங்கையில் உள்ளது.

இதனை ஆளுவோர் இரண்டு செய்திகளை மறவாதிருக்க. பாடகர் அறுவர்க்கும் ஆறு எதிர்முழக்கிகளை வைத்தல் கூடாது. பொதுத்தடம் ஒன்றில் ஒன்றை வைத்து, எல்லாக் குரல்களினின்றும் வேண்டிய அளவு அதற்கு அனுப்புக. அப்பொழுதே அறுவரும் ஓரிடத்தில் நின்று பாடியது போல் தோன்றும். கைப்பேசியும் சூடேறித் திணறாது. மற்றொன்று, சொல் முதன்மையாகிய பாட்டிற்கு முழக்கம் நீளலாகாது. முழக்கம் மூன்று நான்கு விநாடி நின்றால், விரைந்து செல்லும் சரணத்தில் முன்சொல் மறையுமுன் பின்சொல் வந்து மோதும். ஒன்றரை விநாடிக்கு மேற்படாமை நன்று. எதிரொலியைத் தனித்தனியே மீட்டுத் தரும் டிலே என்பதும் உண்டு. அதனை இன்றியமையாததாக யான் கருதுகிலேன்.

நான்காவது லிமிட்டர். இஃது இறுதியில் நின்று, ஒலி வரம்பு கடந்து சிதையாமற் காப்பது. வரம்பை −1 டெசிபலில் வைத்துவிட்டு அமைதல் தகும். பாட்டை இதனுள் நெருக்கிப் பேரோசை ஆக்குவதால் இப்பொழுது பயனில்லை. ஸ்பாட்டிஃபை போன்றவை மிக்க உரப்புள்ள பாட்டைத் தாமே −14 எல்யூஎஃப்எஸ் அளவிற்குத் தாழ்த்திவிடுகின்றன. நெருக்கத்தால் நேர்ந்த சிதைவோ அப்படியே நிற்கும்.

சுருதி திருத்தியைப் பற்றிப் பலர் வினவுகின்றனர். நில அதிர்வுகளைக் கணித்து எண்ணெய் தேடும் துறையிற் பயின்ற ஆண்டி ஹில்டெபிராண்டு என்பார் ஆக்கிய ஆட்டோ-டியூன் 1997-இல் வெளிவந்தது. ஓசை எந்தச் சுரத்திற்கு அணித்தாயுள்ளதோ அதன்மேல் இழுத்து நிறுத்துவது அதன் வழக்கம். பியானோவின் பன்னிரு படிகளையே தெய்வமாகக் கொண்ட பாட்டிற்கு அது பொருந்தலாம். நம் இராகங்களில் சுரம் நிற்பதில்லை; அசைகின்றது. காந்தாரம் ஆடும் ஆட்டத்தைக் கருவி பிழை என்று கருதி நேராக்கிவிடும்.

இதனை யான் நூலிற் கற்கவில்லை. என் பாட்டியார் தம் ஊர்க் கோயிலில் இளமையிற் பயின்ற கீர்த்தனை ஒன்றை, மூன்றாண்டுகட்கு முன் அடுக்களையில் அமர்ந்து பாட, என் கைப்பேசியிற் பதிந்தேன். அப்பொழுது பள்ளியிறுதி வகுப்பினன். புதிதாய்ப் பெற்ற திருத்திகள் பதினொன்று என்னிடம் இருந்தன. இரைச்சல் நீக்கியால் அடுப்பின் ஓசையை அகற்றினேன். அதனோடு அவர் மூச்சும் அகன்றது. சுருதி திருத்தியால் குரல் நடுக்கத்தை நேராக்கினேன். பெருங்கோயிலின் முழக்கத்தைச் சூட்டினேன். முடித்த பாட்டைச் சேமித்து, இடம் போதாமையால் மூலத்தை அழித்தேன். பாட்டியார் மறைந்தபின் வீட்டார் அதனைக் கேட்கவேண்டினர். என் தாயார் பாதி கேட்டு, "இது ஆச்சி குரல் இல்லையே ஐயா" என்றார். அதற்கு யான் என்ன விடை கூறுவேன்? அடுப்போசையோடு கூடிய அப்பதிவு இப்பொழுது எங்கும் இல்லை.

ஒற்றைத் தடத்தில், விநாடிக்கு 48,000 மாதிரி, 24 பிட்டு என்னும் அளவிற் பதிந்த மூலம் நிமிடத்திற்கு 9 மெகாபைட்டினும் குறைவாகவே இடங்கொள்ளும். ஐந்து நிமிடப் பாட்டிற்கு ஏறத்தாழ 43 மெகாபைட்டு. விலைகொடுத்து வாங்கும் எந்தத் திருத்தியினும் முந்தி இவ்விடத்தைத் தேடிக்கொள்க. மூலம் இருப்பின் நாளை திருத்தியை மாற்றலாம், முற்றும் நீக்கவுமாம்.

நான்கையும் அடுக்கும் முறை வருமாறு: குரற்றடத்தில் முதலில் வெட்டுதற்குரிய ஈக்குவலைசர், அதன்பின் அமுக்கி, அங்கிருந்து பொதுத்தடத்து எதிர்முழக்கிக்கு அனுப்புதல், எல்லாத் தடங்களும் கூடிய இடத்தில் லிமிட்டர். உள்ளமைந்த நான்கையும் ஓர் ஆண்டு பயின்றபின்னரும் கைப்பணம் மிஞ்சுமாயின், முதலில் வாங்கத்தக்கது நல்ல ஈக்குவலைசரே என்பது என் கருத்து. ஐபேடு உடையார் ஃபேப்ஃபில்ட்டர் நிறுவனத்தாரின் புரோ-கியூ போன்றவற்றை ஆராயலாம். அதிர்வுப் பரப்பைக் கண்ணாற் கண்டு வெட்டும் வசதி அவற்றில் நன்கு அமைந்துள்ளது. எதிர்முழக்கிக்குப் பொருள் செலவிடுதல் அதன் பின்னரே.

இறுதியாக ஒரு குறிப்பு. திருத்துங்கால் கம்பியில்லாப் புளூடூத் செவிப்பொறியை நீக்கி, கம்பியுள்ளதையே அணிக. முன்னதில் ஓசை தாழ்ந்து வருவதால் பாடுவோன் தாளம் தவறுவான். முடித்தபின் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் ஒருமுறையும், தோழன் அறையிலுள்ள பெட்டியில் ஒருமுறையும், இயலுமாயின் கோயிலின் ஒலிபெருக்கியில் ஒருமுறையும் கேட்டுப் பார்க்க. எங்கள் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் பதிவைச் சென்ற ஆண்டு மூன்றாம் இடத்திற் கேட்டபொழுதுதான், கீழ்க்குரல் முழுவதையும் யான் அளவிறந்து வெட்டிவிட்டமை தெரிந்தது. மூலம் இருந்தமையால் அன்றிரவே சரிசெய்தோம்.